ஈரநெல்லும் இல்லாத உலர்த்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்வது டெல்டாவுக்குப் புதிதல்ல. கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைப்பதும், ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்த்தக் கோரித் தில்லிக்குக் கடிதம் போவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்வதும் ஐப்பசித் திருவிழா போலவே ஆகிவிட்டன.

சென்ற குறுவையில் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் என் நெல் ஒன்பது நாள் கிடந்தது. மீட்டர் 21 காட்டியது. வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறிவிடுவதும், மேகம் திரண்டால் ஓடிப்போய் மூடுவதுமாக இருந்தோம். ஆறாம் நாள் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே சோற்றுப்பானை போலச் சுட்டது. அடிநெல் முளைவிட்டுக் கோழிக்குத்தான் ஆயிற்று.

வரம்பைத் தளர்த்துவது எனக்கு உதவும்தான். ஆனால் அதனால் நெல் காய்ந்துவிடாது. என் குவியலில் இருந்த சூடு அரசின் திறந்தவெளிக் கிடங்குக்கு இடம் மாறும், அவ்வளவே. அங்கே பழுப்பேறி வாடையடிக்கும் நெல்தான் பிறகு ரேஷன் கடைக்கு அரிசியாக வருகிறது. 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 60 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மழைநாளில் இது களத்து வேலை அல்ல, இயந்திரத்தின் வேலை. அந்த இயந்திரமோ அரிசி ஆலைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும் ஆலைக்காரருக்கு உலர்த்தி உண்டு. ஈரம் என்று சொல்லி நெல்லைத் திருப்பும் இடத்தில்தான் இல்லை.

இத்தனைக்கும் ஈரநெல்லைக் காப்பாற்ற வழிதேடி 1967-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் எங்கள் திருவாரூரில்தான் பிறந்தது. இன்று அது தஞ்சாவூரில் மத்திய அரசின் பெரிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. கடிதம் எழுதுவோர் முதலில் அந்த வளாகத்துக்குப் போய்வரலாம்.

எல்லா நிலையங்களுக்கும் ஒரே ஆண்டில் உலர்த்தி கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் நான்கைந்துக்குப் பொதுவாக ஒன்று, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு இயங்கினாலும் போதும். எரிபொருளுக்கும் அலைய வேண்டாம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான், ஆலை வாசலிலேயே கிடைக்கும். ஓட்டுபவர் மட்டும் பழகியவராக இருக்க வேண்டும், ஏனெனில் அவசரப்பட்டுச் சூடேற்றினால் மணி வெடித்து ஆலையில் நொய்யாகிவிடும். அடுத்த குறுவை அறுவடைக்கு முன், ஆவணிக்குள்ளாவது, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சில இடங்களில் இதை நிறுவி ஓட்டிக் காட்டுமாறு உணவுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குறுவை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.