மெயில் லாகைக் காட்டுங்கள்: எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பப் பிரிவினருக்கு,

வணக்கம். பெங்களூரு பீனியாவில் அண்ணனும் நானும் ஒரு சின்ன லேத் பட்டறை நடத்துகிறோம். மெஷின்கள் அண்ணன் பொறுப்பு, கணக்கும் கம்ப்யூட்டரும் என் தலையில். எங்கள் பட்டறை மெயில் உங்கள் சர்வர் வழியாகத்தான் போகிறது. அதன் கோளாறு பற்றி இதுவரை ஆறு டிக்கெட் (புகார்) ஆங்கிலத்தில் போட்டாயிற்று, ஆறுக்கும் ஒரே பதில். உங்கள் சப்போர்ட்டில் போன் எடுப்பவர்களில் இரண்டு பேராவது என் குரலைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். அந்த தைரியத்தில் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். டெம்ப்ளேட் பதில் தமிழில் தயாராக இருக்காது என்பது இன்னொரு காரணம்.

போன மாதம் சர்வரை மாற்றி டெபியன் 12 என்ற இயங்குதளத்துக்கு வந்தீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. பழைய மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுதால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான், தெரியும். மாற்றிய கையோடு எங்கள் ஐ.பி.யும் (இணையத்தில் சர்வரின் எண் முகவரி) மாறியதே, அதை ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த ஐ.பி.க்கு அனுமதி என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவில் பழைய ஐ.பி.தான் இருந்தது. சோதனைக்காக ஒரு மெயிலை என் ஜிமெயிலுக்கே அனுப்பினேன். அது ஸ்பேமில் போய் விழுந்தது. மெயிலின் முழு விவரம் காட்டும் ‘ஷோ ஒரிஜினல்’ போட்டுப் பார்த்தபோதுதான் ‘சாஃப்ட்ஃபெயில்’, அதாவது இந்த ஐ.பி.க்கு அனுமதி இல்லை போல, என்று தெரிந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதிலெல்லாம் கறாராகிவிட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. சரி, எங்கள் டொமைன் எங்கள் கையில், நானே திருத்திக்கொண்டேன்.

திருத்த முடியாதது ஒன்று இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

ஓசூரில் ஒரு கம்பெனி 4,000 பித்தளை புஷ்ஷுக்குக் கொட்டேஷன் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை 4 மணி கெடு. செவ்வாய் காலை பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டேன். ‘சென்ட்’ ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை இன்னொரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, பில் வரவில்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே டிக்கெட் போட்டேன். மத்தியானமே பதில் வந்தது: லாகை (எந்த மெயில் என்ன ஆனது என்று சர்வர் எழுதும் பதிவை) பார்த்துவிட்டோம், எந்தப் பிழையும் இல்லை, மெயில்கள் ஒழுங்காகப் போகின்றன.

நம்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் சாம்பிள் புஷ்ஷை வேஸ்ட் துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரில் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். “ஏதாவது சொன்னாங்களாடா?” என்றார். திங்கள்கிழமை சொல்வார்கள் என்றேன். பித்தளை ராடுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்திருந்தார், பாவம்.

திங்கள் காலை பட்டறையைத் திறந்து பார்த்தால், ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு பவுன்ஸ் (மெயில் சேரவில்லை என்ற அறிவிப்பு) வந்து கிடக்கிறது. ஐந்து நாள் முயன்றும் சேர்க்க முடியவில்லையாம். கீழே 450 (இப்போதைக்கு ஏற்க முடியாது) என்ற எண்ணோடு, ஓசூர் சர்வர் சொன்ன ஒரு வரி: உங்கள் ஹோஸ்டின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓசூருக்குப் போன் போட்டேன். பர்ச்சேஸில் இருப்பவர் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க கொட்டேஷனே அனுப்பல சார், இன்ட்ரஸ்ட் இல்லைன்னு நினைச்சிட்டோம்.” ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

அண்ணன் மகனுக்கு இதெல்லாம் கொஞ்சம் தெரியும். ராத்திரி வந்து உட்கார்ந்து இரண்டு கட்டளை தட்டினான். “சித்தப்பா, இந்த ஐ.பி.க்குப் பேரே இல்ல” என்றான். ஒரு ஐ.பி. எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் ரிவர்ஸ் டி.என்.எஸ். பதிவை வைக்கவே இல்லை. அதை நாங்கள் வைக்க முடியாது, ஐ.பி. யாருடையதோ அவர்கள்தான் வைக்கவேண்டும். அதாவது நீங்கள். உங்கள் சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் தன் இயல்பான அமைப்பில் ஐந்து நாள் வரைக்கும் விடாமல் முயலும், தாமதமாகிறது என்று நடுவில் அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை எங்கள் கொட்டேஷன் உங்கள் கியூவிலேயே (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) கிடந்திருக்கிறது. புதன்கிழமை யாராவது அந்தக் கியூவை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால், கையில் இரண்டு முழு நாள் இருந்தது. ஜிமெயிலிலிருந்தாவது அனுப்பித் தொலைத்திருப்பேன்.

சரி, புதன்கிழமை நீங்கள் எந்த லாகைப் பார்த்தீர்கள்? எங்கள் பேனலில் (நீங்கள் எங்களுக்குக் கொடுத்த நிர்வாகப் பக்கம்) இருக்கும் ‘மெயில் லாக்’ பக்கம் சர்வர் மாறிய நாளிலிருந்து வெறுமையாக இருக்கிறது. டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவினால் லாகைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வராது, லாக் எல்லாம் ஜர்னல் என்ற வேறு பதிவுக்குள் போய்விடும். உங்கள் பேனல் இன்னும் பழைய கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது பையனின் கணிப்பு. உங்கள் ஆட்களும் அதே வெறும் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் போல. பிழை இல்லை என்று எழுதியது வாஸ்தவம்தான். லாகே இல்லாத இடத்தில் பிழை எங்கிருந்து வரும்?

2021 டிசம்பரில் எங்கள் பீனியா மேம்பாலத்தை மூடினார்கள். கேபிளில் கோளாறு. லாரிகள் கீழே ஊர்ந்தன, நாங்களும் சேர்ந்து ஊர்ந்தோம், திட்டாத நாளில்லை. ஆனாலும் தடுப்பு வைத்திருந்தார்கள், பாலம் மூடியிருக்கிறது என்று வண்டிக்காரனுக்குத் தெரிந்தது. நீங்கள் பாதையை மூடிவிட்டு, வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குக் கடிதம் கொடுத்தீர்கள். இந்த ஊரில் அப்கிரேடு என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது பயமாக இருக்கிறது. ரோடாகட்டும், பேங்க் ஆப் ஆகட்டும், தோண்டுகிறவருக்கு இருக்கும் உற்சாகம் மூடுகிறவருக்கு இருப்பதில்லை. மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் ரிவர்ஸ் டி.என்.எஸ். சத்தமில்லாமல் சரியாகிவிட்டது. நன்றி. ஆனால் லாக் பக்கம் இன்றைக்கும் வெறுமைதான். மெயில் அனுப்புவதற்கென 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதியே, ஏற்றுக்கொண்ட மெயிலைச் சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஐந்து நாள் காத்திருந்து தெரிந்துகொள்ள எங்களைப் போன்ற பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. போன ஆர்டரைக் கேட்கவில்லை, நஷ்ட ஈடும் கேட்கவில்லை. எங்கள் மெயில் போனதா, கியூவில் நிற்கிறதா, எவன் என்ன சொல்லித் திருப்பினான் என்று நாங்களே பார்க்கும்படி அந்த லாகைக் காட்டுங்கள். அடுத்த முறை ஐ.பி. மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

என் ஆறாவது டிக்கெட்டைத் ‘தீர்ந்தது’ என்று மூடியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திறந்து வையுங்கள். பதிலை மெயிலில் அனுப்புவதானால், அனுப்பியதும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நாங்களும் இப்போது எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
பீனியாவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்