துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பட்டறை மேஜையை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் சுகம்.

கடைசி வரியில் வழக்கம்போல, "அப்பாவோட துப்பாக்கி பற்றி ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்டிருந்தாய். அது திருட்டுப் போன இந்த ஆறு வருஷமாக ஒரு கடிதத்தில்கூட நீ அதைக் கேட்காமல் விட்டதில்லை. இந்தத் தடவை சொல்லப் பதில் இருக்கிறது. கிடைத்துவிட்டதடா. இதை எழுதும்போது எனக்கு இடப்பக்கம், பழைய போர்வை விரித்த மேஜையில் கிடக்கிறது.

வேறு ஏதோ வழக்குக்காக ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது அகப்பட்டதாம். வழக்கு முடிந்து, உரிமத்தைச் சரிபார்த்து, கையெழுத்தெல்லாம் வாங்கி என் கையில் கொடுக்க ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அந்த அலைச்சலை விடு. சாக்குத் துணியை விலக்கிய அந்த நிமிஷத்தை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அடையாளமே தெரியவில்லை. குழல் முழுக்கத் துரு. அடிக்கட்டை எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. இடப்பக்கம் யாரோ கத்தி முனையால் இரண்டு எழுத்தைக் கீறி வைத்திருந்தார்கள். "இது எங்களுடையது இல்லை" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். திருப்பிப் பார்த்தால், வலப்பக்கம் பிடிக்குச் சற்றுப் பின்னால், பிறை மாதிரி அந்த வடு. நீ பாறையில் சறுக்கி விழுந்தாயே, அன்று பட்டது. நமக்குப் பத்தொன்பது வயது. அப்பா ஓடிவந்து முதலில் உன் முழங்கையைத்தான் பிடித்துப் பார்த்தார், துப்பாக்கியை அப்புறம்தான் எடுத்தார். அந்த வடுவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றேன்.

குழல் திருகி நிற்கும் நடு உடலான ரிசீவர் மேலிருந்த வரிசை எண்ணை, திருடியவன் அரத்தால் ராவித் தேய்த்திருக்கிறான். ஆனால் மௌசர் துப்பாக்கியில் எண்ணை ஒரே இடத்தில் அடித்துவிட்டு விடுவதில்லையே. குழலில் இருந்தது, அடித்தகட்டில் இருந்தது. இன்னொரு இடமும் உனக்குத் தெரியும், தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலைப் பூட்டும் போல்டின் கைப்பிடிக்கு அடியில். அந்த போல்ட் என்னிடம் இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும், வேட்டையை நிறுத்திய நாளிலிருந்து அப்பா போல்டைக் கழற்றி வேறு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். துப்பாக்கி ஒரு அறையில், போல்ட் இன்னொரு அறையில், தோட்டா மூன்றாவது இடத்தில். அது அவருடைய கண்டிப்பு. அவர் போன பிறகும் நான் அப்படியே வைத்திருந்தேன். திருடியவனுக்குக் கிடைத்தது போல்ட் இல்லாத துப்பாக்கி. இந்த ஆறு வருஷமும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த போல்டை எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திரும்ப வைத்தேன். எதற்காகச் செய்கிறேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

திரும்பி வந்த துப்பாக்கியில் வேறொரு போல்ட் இருந்தது. எங்கிருந்தோ பொறுக்கி மாட்டியிருக்கிறான். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்று உனக்குப் புரியும். போல்டின் முகப்புக்கும் குழலில் தோட்டா போய் உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அந்தந்தத் துப்பாக்கிக்கென்று பார்த்துப் பார்த்துப் பொருத்தியது. அளவுக்கு மேல் மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு கூடினாலும், தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் தாங்கல் இல்லாமல் இழுபட்டுக் கிழியக்கூடும். கிழிந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் பின்னால், சுடுகிறவன் முகத்தை நோக்கி வரும். இதை வடிவமைத்த மௌசர் இதற்காகத்தான் போல்டின் உடலில் வாயு வெளியேற இரண்டு துளை வைத்தார், பின்னால் ஒரு தடுப்பும் வைத்தார். அதிலும், 1898 வடிவத்தில் முன்னால் இரண்டு பூட்டுப் பற்களோடு பின்னால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார். முன்னவை இரண்டும் கைவிட்டாலும் இது பிடிக்கும். அவ்வளவு முன்யோசனையோடு செய்த கருவியில் பொருந்தாத போல்டை மாட்டிச் சுட்டிருக்கிறார்கள். சுட்டவனுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அந்த மூளையின் புண்ணியம்.

சுட்டிருக்கிறார்கள் என்பதைக் குழலே சொல்லியது. வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டால், முதல் துணி கறுப்பாக, அடுத்தது பச்சையாக, அதற்கடுத்தது செங்கல் பொடி மாதிரி வந்தது. கறுப்பு மருந்துக் கரி, பச்சை தாமிரம், சிவப்பு துரு. பழைய ராணுவத் தோட்டாக்களைப் போட்டிருக்க வேண்டும். அவற்றின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது ஒரு வகை உப்பாகக் குழலில் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அந்த உப்பு போகாது. தண்ணீரில்தான் கரையும், வெந்நீர் என்றால் சீக்கிரம். அப்பா ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் கெண்டியில் வெந்நீர் கேட்பாரே, காரணம் இதுதான். நானும் அதே கெண்டியில், அதே மாதிரி, புனல் வைத்து ஊற்றினேன். பிறகு பித்தளைத் தூரிகை, கரைப்பான், துணி. காலையில் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சுருள் வரிகள் தெரிந்தன. தோட்டா உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு விரல்கடை நீளத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாக அரிப்பு. அது போகாது. ஆனால் வாய்ப்பக்கம் வரிகளின் விளிம்பு கூராகவே நிற்கிறது. குறி தப்பாமல் இருக்க முக்கியம் அந்த வாய்தான் என்பதால் எனக்கு உயிர் வந்தது.

வெளித் துருவுக்கு அவசரப்படவில்லை. உப்புத்தாளைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, செம்புத் தகட்டின் விளிம்பால் சுரண்டினேன். செம்பு துருவைவிடக் கடினமில்லை என்றாலும் நிதானமாகச் சுரண்டினால் பெயர்த்துவிடும், அடியில் இருக்கும் கருநீலத்தைக் கீறாது. துருவுக்குக் கீழே அப்பாவின் காலத்து நிறம் ஆங்காங்கே பிழைத்திருக்கிறது. குறி பார்க்கும் காட்சிமுள்ளைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலம், ரிசீவரின் இடுக்கில் ஒரு கோடு. ராத்திரி விளக்கில் அந்த இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இங்கே எனக்குத் தெரிந்த வயதான துப்பாக்கி மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். முழுக்க மெருகேற்றிப் புதுச் சாயம் கொடுத்தால் கடையில் இருந்து வந்த மாதிரி ஆகிவிடும் என்றார் அவருடைய மகன். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். இப்போது வேகமாகச் செய்யும் முறையில், கொதிக்கும் காஸ்டிக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். இந்த மாதிரிப் பழைய குழலில் காட்சிமுள் ஈயப்பற்றில் ஒட்டியது. காஸ்டிக் அந்தப் பற்றை அரித்துவிடும். பழைய முறை வேறு. திராவகம் தடவி, ஈரக்காற்றில் வேண்டுமென்றே மெல்லிய துரு ஏற விட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் அந்தச் சிவப்புத் துருவே கறுப்பாக மாறும். இரும்புப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆறேழு தடவை செய்தால்தான் அந்த ஆழமான நிறம் வரும். துருவே துருவைத் தடுக்கும் கவசமாகிறது. பெரியவர் என்னிடம், வெறும் இரும்பு தெரிகிற இடங்களுக்கு மட்டும் இதைச் செய்வோம், மிஞ்சிய பழைய நிறத்தைத் தொட வேண்டாம் என்றார். சரி என்றேன். திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

என்னைத் தூங்கவிடாமல் அடித்தது மரம்தான். வால்நட் கட்டையில் அழுந்திய பள்ளங்கள் சுலபம். ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு எடுத்தால் ஆவி உள்ளே போய், நசுங்கிய நார் எழுந்துகொள்ளும். நாலைந்து பள்ளம் கண் முன்னாலேயே உயர்ந்தது. ஊறிய பழைய எண்ணெயைச் சாக்கட்டித் தூளும் அசிட்டோனும் குழைத்துப் பூசி உறிஞ்சி எடுத்தேன். ஆனால் அந்த இரண்டு எழுத்து? கத்தி நாரை அறுத்திருக்கிறது. அறுந்த நார் ஆவிக்கு எழாது. அதை எடுக்க வேண்டுமென்றால் இடப்பக்கம் முழுவதும் ஒன்றரை மில்லிமீட்டர் இழைக்க வேண்டும். இழைத்தால் அப்பாவின் கன்னம் பட்டுப் பட்டு வழவழத்துக் குழிந்த இடம் போய்விடும். முப்பது வருஷம் அவர் முகத்தைச் சாய்த்த இடம் அது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். என் முகம் அவர் முகத்தைவிட அகலம், இருந்தும் அது வாங்கிக்கொண்டது.

மூன்று ராத்திரி யோசித்தேன். கடைசியில் எழுத்துகளை நிரப்பவும் இல்லை, இழைக்கவும் இல்லை. அழுக்கை மட்டும் எடுத்து, விளிம்பின் பிசிறைத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஏற்றினேன். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஒரு நாள் விட்டு மறுநாள், பதினோரு பூச்சு. (எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறிந்துவிடாதே என்று உனக்கும் சொல்லிவைக்கிறேன். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.) பிறை வடுவுக்கு ஆவி கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தால் எழுந்திருக்கும். உன்னிடம் கேட்காமல் அதைத் தொட எனக்கு உரிமை இல்லை.

நேற்று சாயங்காலம் எல்லா பாகத்தையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பூட்டினேன். கடைசியாக, பெட்டியைத் திறந்து நம்முடைய போல்டை எடுத்தேன். போல்ட் வெள்ளி மாதிரி மின்னுகிறது, ரிசீவரோ கிழடு தட்டிக் கிடக்கிறது. சேருமா என்று கை நடுங்கியது. வைத்துத் தள்ளினேன். ஒரு தடங்கல் இல்லை. எண்ணெய் தடவிய கண்ணாடி மேல் கண்ணாடி போல ஓடிப்போய், கைப்பிடியைத் தாழ்த்தியதும் அந்தச் சத்தம். உனக்குத் தெரியுமே, இரண்டு சத்தம் ஒன்றாய்க் கேட்கும், முதலாவது மெல்லியது. உள்ளே இருந்து என் மனைவி, "அப்பா துப்பாக்கியா?" என்று கேட்டாள். அவளுக்கும் அது மறக்கவில்லை.

அப்பா நமக்குச் சொல்வாரே, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-க்குப் பிறகு வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த .275 ரிக்பி துப்பாக்கி பற்றி. அதில் போடுவதும் நம்முடைய 7×57 தோட்டாதான், பெயர்தான் வேறு. அந்தத் துப்பாக்கியும் பல கைகள் மாறிக் கடைசியில் அதைச் செய்த நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டையில் பதித்த வெள்ளித் தகடு இன்னும் இருக்கிறதாம். இதைச் சொன்னால் அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்னும் சுட்டுப் பார்க்கவில்லை. நம் போல்ட்தான் என்றாலும், அந்த அந்நிய போல்டால் பூட்டுப் பற்கள் உட்காரும் இடம் நசுங்கியிருக்கக்கூடும். பெரியவர் அளவுகோல் கட்டைகளை வைத்துப் பார்த்து, சரி என்று வாயால் சொன்ன பிறகுதான் தோட்டா. முதல் சில தோட்டாக்களைத் துப்பாக்கியைத் தாங்கியில் கட்டிவைத்துத் தூரத்திலிருந்து கயிறு இழுத்துத்தான் வெடிக்க வைப்போம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு சுடுதளத்தில், காகிதக் குறியில். வேட்டை என்ற பேச்சே இல்லை, அப்பா நிறுத்தியது நிறுத்தியதுதான். அடுத்த மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். உன் முழங்கால் அதற்குள் பயணம் தாங்குமா? தாங்காது என்றால் தள்ளிப் போடுகிறேன். நீ இல்லாமல் செய்யப் போவதில்லை.

வரும்போது ஒன்று. திருட்டுப் போவதற்கு முந்தின மாதம், தையல் விட்டுப்போன தோல்வாரைத் தைத்துத் தருகிறேன் என்று நீ எடுத்துப் போனாய். துப்பாக்கி போன பிறகு அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, நீயும் சொல்லவில்லை. உன்னிடம்தான் இருக்கும் என்று தெரியும். அதை எடுத்து வா. கொக்கி துருப்பிடித்திருந்தால் நீ ஒன்றும் செய்யாதே, அப்படியே கொண்டு வா. செம்புத் தகடு என்னிடம் இருக்கிறது.

பேத்தியின் படம் அனுப்பு.

உன் நண்பன்