கோஃபிக்கு, அம்மா

கண்ணு,

நேத்து ராத்திரி நீ போன வெச்சதுல இருந்து தூக்கமே வரல. கோவம்னு நெனச்சுக்காத. போன்ல சொல்லலாம்னு பாத்தா நீ நடுவுல சரிம்மா சரிம்மான்னு ரெண்டு தடவ சொல்லி கட் பண்ணிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், கண்ணாடி போட்டும் எழுத்து சரியா தெரிய மாட்டேங்குது, தப்பு இருந்தா நீயே சேத்து படிச்சுக்கோ.

ஃபேக்டரில சாமான் காணாம போச்சு, நைஜீரியாக்காரங்க மேல தான் சந்தேகம், இவனுங்கள மொத்தமா மூட்டை கட்டி அனுப்பிவிட்டா தான் இந்த ஊர் உருப்படும்னு சொன்ன. நீ கானாவுக்கு போயி முழுசா மூணு மாசம் ஆகல சாமி. அதுக்குள்ள அந்த ஊர்க்காரனாவே ஆயிட்டியே. 2025 ஜூலைல கானா தலைநகரம் அக்ராவுல நைஜீரியாக்காரங்க வெளிய போகணும்னு அட்டை புடிச்சுட்டு ஊர்வலம் போனாங்கன்னு நியூஸ்ல பாத்தப்பவே எனக்கு வயித்தப் பெசஞ்சுது. ஏன்னா அதே பேச்ச நான் அந்தப் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன், 1983ல, உன்ன மடியில போட்டுட்டு.

உங்கப்பா 81ல நைஜீரியாவுல இபாதானுக்கு வாத்தியார் வேலைக்கு போனது உனக்குத் தெரியும். எதுக்கு கூப்புட்டாங்கன்னு தெரியுமா? 79ல அந்த மாநிலத்துல ஸ்கூலுக்கு ஃபீஸே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, புள்ளைங்க வந்து குவிஞ்சுருச்சு, கணக்கும் சயின்ஸும் சொல்லிக்குடுக்க ஆள் பத்தல. பெட்ரோல் காசு கொட்டற நேரம், அந்த ஊர் காசு ஒரு நைரா ஒரு டாலருக்கு மேல போகும், இப்ப சொன்னா சிரிப்பாங்க. அதனால இந்தியாவுல இருந்து வாத்தியாருங்க, கானாவுல இருந்து வாத்தியாருங்க, அவங்க கூடவே கொத்தனாரு, டிரைவரு, எலக்ட்ரீஷியன், தையக்காரங்கன்னு லட்சக்கணக்குல கானா சனம். மேற்கு ஆப்பிரிக்க நாடுங்க எல்லாம் சேந்து 79ல ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு, விசா இல்லாம 90 நாள் இருந்துக்கலாம்னு. 90 நாள் தாண்டுனா பர்மிட் வாங்கணும். காசு கொட்டற வரைக்கும் அந்தப் பேப்பர யாரும் கேக்கல, இவங்களும் வாங்கல.

நம்ம வீட்டுக்கு எதுத்த திண்ணைல ஒரு கானா அம்மா தையல் மிஷின் போட்டிருந்தாங்க. நான் கானாக்கான்னு தான் கூப்புடுவேன், அவங்களும் அது என்னமோ தன் பேரு மாதிரி திரும்பிப் பாப்பாங்க. வீட்டுக்காரரு கட்டட வேலை. நீ பொறந்து பத்து நாள் கழிச்சு பாக்க வந்தப்ப புள்ளைய தொடறதுக்கு முன்னாடி அவங்க கேட்டது என்ன கெழமைன்னு தான். வெள்ளின்னேன். "அப்ப இவன் கோஃபி"ன்னாங்க. அவங்க ஊர்ல பொறந்த கெழமையே ஒரு பேரு, வெள்ளிக்கெழம ஆம்பளப் புள்ளன்னா கோஃபி. உங்கப்பா உள்ள இருந்து "என்னது காப்பியா, எனக்கும் ஒரு டம்ளர்"னாரு. அன்னைல இருந்து தான் நீ வீட்ல காப்பி. உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் நீ காப்பி நெறய குடிப்பன்னு நெனச்சுட்டு இருந்தாங்க, நானும் வெளக்கம் சொன்னதில்ல.

83 ஜனவரி 17, திங்கக்கெழம. அந்த அறிவிப்பு வந்துச்சு. பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் 31ம் தேதிக்குள்ள நாட்ட விட்டு போயிரணும். ரெண்டே வாரம். தொழில் படிச்சவங்களுக்கு மட்டும் பிப்ரவரி கடைசி வரைக்கும் டைம். கவர்மென்ட் வேலைல இருந்தவங்களுக்கு விதிவிலக்கு. அதாவது நாம தப்பிச்சோம். உங்கப்பா கையில கான்ட்ராக்ட் பேப்பர் இருந்துச்சு, அவ்வளவு தான் வித்தியாசம், அவங்கள விட நாம தான் அந்த ஊருக்கு தூரத்து ஆளுங்க, பாஷை தெரியாது, சோறு வேற, தோல் கலரும் வேற, ஆனா நம்மள யாரும் ஒரு வார்த்த கேக்கல.

பெட்ரோல் வெல எறங்கிருச்சு, கவர்மென்ட்ல காசு இல்ல, ஆகஸ்ட்ல எலக்ஷன் வேற. திருடு ஜாஸ்தியாச்சுன்னா கானாக்காரன், வேலை கெடைக்கலன்னா கானாக்காரன். நீ நேத்து பேசுன அதே பேச்சு, நாட்டுப் பேர மட்டும் மாத்திக்கோ.

அந்த ரெண்டு வாரமும் கானாக்கா தூங்கின மாதிரி எனக்குத் தெரியல. கரண்ட் போனா அரிக்கேன் வெளக்கு வெச்சு தச்சாங்க. ஊர்க்காரங்க குடுத்த துணி எல்லாம் பாக்கி கெடக்குதே. எவளோ கல்யாணத்துக்கு குடுத்த துணிய நான் தைக்காம தூக்கிட்டு ஓடிட்டேன்னு சொல்லிரக் கூடாதுங்கறது ஒன்னு தான் அவங்க கவலை. தச்சதுல பாதிப் பேரு கூலியே குடுக்கல, எப்படியும் 31ம் தேதி போயிருவா, எதுக்கு குடுக்கணும்னு. முடியாத மூணு துணிய மடிச்சு, மேல சாக்பீஸ்ல வீட்டு அடையாளம் எழுதி, என்கிட்ட குடுத்து சேத்திருங்கன்னாங்க. சேத்துட்டேன். அது ஒன்ன ஒழுங்கா பண்ணேன்.

இப்ப நான் இவ்வளவு வருஷமா உன்கிட்ட சொல்லாதத சொல்றேன். 28ம் தேதி சாயங்காலம் அவங்க மிஷினத் தலைல தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாங்க. சிங்கர் கை மிஷின், மரக்கட்டை அடி. பஸ்ஸுக்காரனுங்க எல்லாம் வெலைய பல மடங்கு ஏத்திட்டானுங்க, ஆளுக்கே எடமில்ல, மிஷினுக்கு எங்க. 60 நைரா கேட்டாங்க. அது அநியாய வெல இல்ல, கடைல போனா அதுக்கு ரெண்டு மடங்கு ஆகும். எங்களுக்கும் சம்பளம் மூணு மாசமா வரல, அது நெசம் தான். ஆனா போர்ன்விட்டா டப்பால நான் 70 நைரா போட்டு வெச்சிருந்தேன், அதுவும் நெசம். தெருவே அப்ப அப்படித்தான் வாங்குச்சு, கட்டில் அஞ்சு நைரா, ஸ்டவ் மூணு நைரா, போறவங்ககிட்ட பேரம் பேசறது ஒரு திருவிழா மாதிரி. நான் இவ்வளவு தான் இருக்குன்னு 25 நைரா எடுத்து நீட்டுனேன். அவங்க என் மூஞ்சிய கொஞ்ச நேரம் பாத்தாங்க. "ஓகே மேடம்"னாங்க. அதுவரைக்கும் என்ன மேடம்னு அவங்க கூப்புட்டதே இல்ல, "கோஃபி அம்மா"ன்னு தான் கூப்புடுவாங்க.

உங்கப்பாகிட்ட 60 குடுத்தேன்னு பொய் சொன்னேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கார இயா ஒருத்தங்க இருந்தாங்களே, இயான்னா அவங்க பாஷைல அம்மா, பெரிய உடம்பு, வாசல்ல உக்காந்து கோலா கொட்டைய மென்னுட்டே இருப்பாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க தான் சொன்னாங்க, "எனக்கும் இதே 14 நாள் தான் குடுத்தாங்க"ன்னு. எனக்கு ஒன்னும் புரியல. அந்தம்மா கல்யாணமாகி கானாவுல குமாசில கடை வெச்சு பொழச்சவங்களாம், 1969 நவம்பர்ல கானா கவர்மென்ட், பூசியா பிரதமரா இருந்தப்ப, பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரங்க எல்லாம் ரெண்டு வாரத்துல கெளம்புங்கன்னு சட்டம் போட்டாங்க, அதுல நைஜீரியாக்காரங்க பாதிக்கு மேல இந்த இயா மாதிரி யோருபா ஆளுங்க, தலைமுறையா அங்கயே பொறந்து வளந்தவங்க, கடைய அப்படியே போட்டுட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் கோகோ தோட்டத்துல வேலைக்கு ஆளில்லாம கானாவே கஷ்டப்பட்டுச்சாம். அப்ப இது பழி வாங்கறதான்னு கேட்டேன். இயா கொட்டைய துப்பிட்டு, "அவ என்ன அனுப்பினாளா, அந்த தையக்காரி?"ன்னாங்க. மறுநாள் காலைல ஒரு பெரிய தூக்கு நெறய சோறும் பொரிச்ச வாழப்பழமும் கட்டி எதுத்த வீட்டுக்கு கொண்டு போனதும் அந்த இயா தான். நான் ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்தேன், வெளிய போகல, வெக்கம்.

நைஜீரியா லாகோஸ்ல இருந்து கானா அக்ராவுக்கு, கோயம்புத்தூர்ல இருந்து சென்னை போற தூரம் கூட வராது. ஆனா நடுவுல பெனின், டோகோன்னு ரெண்டு நாடு. கானாவுல அப்ப ஆட்சில இருந்த ராலிங்ஸ் முந்தின வருஷமே பார்டர மூடி வெச்சிருந்தாரு. கானா தெறக்கலன்னா இவங்க நம்ம ஊர்லயே தங்கிருவாங்கன்னு டோகோ மூடுச்சு, டோகோ மூடுச்சுன்னு பெனின் மூடுச்சு. நைஜீரியாவுக்கும் பெனினுக்கும் நடுவுல செமே பார்டர்ல வெயில்ல ரோட்டுலயே படுத்துக் கெடந்தாங்க சனங்க, தண்ணி இல்ல, லாரி மேல லாரியா மூட்டை. 29ம் தேதி தான் கானா தெறந்துச்சு, அப்புறம் தான் வரிசையா நகந்தாங்க. மொத்தம் சுமாரா 20 லட்சம் பேரு, அதுல பாதி கானாக்காரங்கன்னு சொல்லுவாங்க. நீ அங்க மார்க்கெட்ல பாத்திருப்ப, நீலம் செவப்பு வெள்ள கட்டம் போட்ட ஜிப் வெச்ச பெரிய பிளாஸ்டிக் பை, நம்ம ஊர்லயும் ரயில்ல ஒடிசா பசங்க தூக்கிட்டு வருவாங்களே அதே தான், அதுக்கு நைஜீரியாவுல இன்னிக்கும் பேரு "கானா மஸ்ட் கோ", கானாக்காரன் போயே ஆகணும்னு அர்த்தம். கடைல போய் அண்ணா ஒரு கானா மஸ்ட் கோ குடுங்கன்னு கேப்பாங்க, யாருக்கும் உறுத்தாது. நீ தப்பித் தவறி கூட உங்க ஆஃபீஸ்ல அந்தப் பேர சொல்லிறாத.

போனவங்களுக்கு அங்க என்ன காத்துட்டு இருந்துச்சுங்கற? 83ல கானாவுல மழையே இல்ல, காட்டுத் தீ வேற, வெளஞ்சது எல்லாம் எரிஞ்சு போச்சு. சனங்க எளச்சு கழுத்தெலும்பு துருத்திட்டு நிக்கறத ராலிங்ஸ் செயின்னு கிண்டலா சொல்லுவாங்களாம். அந்த நாட்டுக்குள்ள தான் ஒரேயடியா பத்து லட்சம் பேரு எறங்குனாங்க. எல்லாரும் முகாம்ல கெடந்துருவாங்கன்னு தான் வெளிய பேசிக்கிட்டாங்க, அப்படி ஆகல, கொஞ்ச வாரத்துல அவங்கவங்க ஊருக்கு, அண்ணன் வீட்டுக்கு, பாட்டி வீட்டுக்குன்னு கரைஞ்சு போயிட்டாங்க. இல்லாதவன் வீட்டுல தான் எடம் இருந்துருக்கு பாரு.

நீ டிவில பாக்கறது எல்லாம் படகுல ஏறி ஐரோப்பாவுக்கு போறவங்கள தான். ஆனா அந்தப் பக்கத்து சனங்க பெரும்பாலும் போறது பக்கத்து நாட்டுக்கு. புர்க்கினாவுல இருந்து ஐவரி கோஸ்ட்டுக்கு கோகோ பறிக்க, நைஜர்ல இருந்து நைஜீரியாவுக்கு, மழை இல்லாதப்ப போயி மழை வந்தா ஊருக்குத் திரும்பி, வெள்ளக்காரன் கோடு போடறதுக்கு முன்னாடி இருந்தே அப்படித்தான். உங்க கானாவுக்குள்ளயே வடக்க இருந்து பொம்பளப் புள்ளைங்க வந்து மார்க்கெட்ல தலைல சட்டி வெச்சு சுமை தூக்குதுங்களே, கயாயேன்னு சொல்லுவாங்க, பாத்தியா? அதுங்களுக்கும் நம்ம திருப்பூருக்கு வந்து தைக்கற வடக்கத்திப் புள்ளைங்களுக்கும் மூஞ்சி தான் வேற.

85ல நைஜீரியாவுல இருந்து இன்னொரு தடவ அனுப்புனாங்க, அந்தத் தடவ சுமாரா ஏழு லட்சம். 86ல நைரா மதிப்ப எறக்கி விட்டாங்க, சம்பளம் ஒன்னுக்கும் ஆகல, கான்ட்ராக்ட்டும் புதுப்பிக்கல, இந்திய வாத்தியாருங்க எல்லாம் ஒவ்வொருத்தரா கெளம்புனோம். நம்மள யாரும் வெரட்டல, பிளேன் டிக்கெட் போட்டு மாலை மரியாதையோட அனுப்புனாங்க. நானும் ரெண்டு கட்டம் போட்ட பை வாங்கித் தான் மூட்டை கட்டுனேன், வேற பை கெடைக்கல.

அந்த மிஷின் நம்ம பரண்ல இருக்கே, கீழ எறக்காத எறக்காதன்னு நான் கத்துவேனே, அது தான் இது. உன் ஸ்கூல் டவுசர் எல்லாம் அதுல தச்சது. நேத்து ராத்திரி பக்கத்து வீட்டுப் பையன எழுப்பி எறக்கச் சொன்னேன், என்னமோ பண்ணுச்சு மனசு. அடிக்கட்டைல பாபின் வெக்கற குழிக்கு ஒரு மூடி இருக்கும், அதுக்குள்ள நாலா மடிச்ச ஒரு நோட்டுத் தாளு, அவங்க கையெழுத்துல அளவு, மார்பு 36, தோள் 15, எதுத்தாப்புல யார் யார் பேரோ. அடில ஒரு வரில "கோஃபி"ன்னு போட்டு சின்னச் சின்ன அளவா நாலு நம்பர். உனக்கு சட்டை தைக்க எப்ப அளவெடுத்தாங்கன்னே எனக்குத் தெரியாது. இத்தன வருஷத்துல எத்தன தடவ அந்த மூடிய தெறந்திருப்பேன், தாள விரிச்சுப் பாத்ததில்ல.

அவங்கள தேடிப் போயிறாத, கேப் கோஸ்ட் பக்கம் ஏதோ மீன் புடிக்கற ஊருன்னு மட்டும் தான் தெரியும், இருந்தா இப்ப எண்பது வயசு இருக்கும். வெள்ளிக்கெழமயில உங்க ஆஃபீஸ்ல எல்லாரும் அந்த ஊர்ப் பூ போட்ட துணில வருவாங்கன்னு சொன்னியே, நீ மட்டும் அதே நீலச் சட்டைல போறியாமே. மகோலா மார்க்கெட்டுக்கு போயி நல்லதா துணி எடு, தெருவுல மிஷின் போட்டு உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்ட குடு, நைஜீரியாக்காரங்களா இருந்தாலும் சரி டோகோவா இருந்தாலும் சரி. கேக்கறத குடு, பேரம் பேசாத. பேரு கேட்டா கோஃபின்னு சொல்லு. கழுத்து மட்டும் கொஞ்சம் லூசா வெக்கச் சொல்லு, சின்னதுல இருந்தே உனக்கு கழுத்து புடிச்சா ஆகாது.

அம்மா