ஐந்தாவது நாற்காலி எங்கே?

மாண்புமிகு வல்லரசுத் தலைவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபரும் ரஷ்ய அதிபரும் அலாஸ்காவில் சந்தித்து உக்ரைன் போரைப் பற்றிப் பேசினார்கள். சிவப்புக் கம்பளம் இருந்தது, கைகுலுக்கல் இருந்தது, உக்ரைன் அதிபர்தான் இல்லை. அன்றிலிருந்தே இந்த மடல் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக்கிரமிப்பவனுக்கு விட்டுக்கொடுத்ததன் அடையாளமாக மியூனிக் என்ற ஜெர்மன் நகரின் பெயரை மேடைதோறும் சொல்பவர்களே நீங்கள்தான். அதனால் 1938-இன் கதையை முழுதாகச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த ஒரு ஓட்டல் அறையை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

செப்டம்பர் 29. ஜெர்மனியின் ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே நால்வரும் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியான சுதேதன்லாந்தை ஹிட்லருக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டிலிருந்து வந்த இருவர், மஸ்ட்னியும் மசார்ஷிக்கும், ஓட்டலில் காவலுக்கு நடுவே காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். பதில் சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, தேவையில்லை என்றார்கள். சேம்பர்லின் திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டார் என்று மசார்ஷிக் குறித்து வைத்திருக்கிறார். நாளெல்லாம் பேசிய களைப்பு, பாவம். அதற்குள் செப்டம்பர் 30 பிறந்துவிட்டது; மறுநாள் விடிந்தால் அக்டோபர் 1. ஜெர்மன் படை உள்ளே நுழையத் தொடங்கும் நாள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ, அவருக்கும் மேசையில் ஒரு நாற்காலி போடுங்கள்.

விட்டுக்கொடுத்தவர்களைக் கோழைகள் என்று நான் ஏசவில்லை. முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1, பிரான்சின் சோம் போர்க்களத்தில் அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். தலாதியே தானே பதுங்குகுழியில் கிடந்து போரிட்டவர். இன்னொரு முறை அது வேண்டாம் என்று நினைத்ததில் என்ன தப்பு? குண்டுவீச்சு விமானங்களை நினைத்து லண்டன் பூங்காக்களில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள், மக்களுக்கு நச்சுவாயு முகமூடி கொடுத்தார்கள். படைபலம் போதவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் போட்ட வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனியை அளவுக்கு மீறி நெருக்கிவிட்டோமோ என்ற உறுத்தல் வேறு. கேட்டதைக் கொடுத்தால் அடங்கிவிடுவான் என்று நம்ப அவர்களுக்கு ஆசை இருந்தது. மக்களுக்கும்தான். பாரிஸில் விமானம் இறங்கும்போது கூட்டத்தைப் பார்த்து அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம் தலாதியே. வந்தவர்கள் வாழ்த்தினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

கணக்கைப் பார்க்கும்போதுதான் கோபம் வருகிறது. ஆயுதம் சேர்க்க ஒரு வருடம் கிடைத்தது என்கிறார்கள். சரி, அந்த வருடம் எதிராளிக்கும்தானே கிடைத்தது? செக் எல்லைக் கோட்டைகள் சண்டையில்லாமல் அவன் கைக்குப் போயின. 1939 மார்ச்சில் தலைநகர் பிராகாவும், அதோடு ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் போயின. 1940-இல் ஜெர்மன் தளபதி ரோமலின் படை பிரான்சுக்குள் ஓட்டிவந்த டாங்கிகளில் பல செக் நாட்டில் செய்தவை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள். அந்தத் தேங்காய் உடைத்தவர் தலையிலேயே வந்து விழுந்தது.

இப்போது நீங்கள் அறிக்கை விடுகிற அழகையும் சொல்ல வேண்டும். முதலில் 'கவலை', அப்புறம் 'ஆழ்ந்த கவலை', ஊர் எரிந்து முடிந்த பின் 'மிக ஆழ்ந்த கவலை'. 2014-இல் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவிடம் போனபோதும் கவலைக்குக் குறைவே இல்லை. இத்தனை ஆழத்துக்கு இறங்கியவர்கள் இன்னும் மேலே வரவில்லையே என்பதுதான் எங்கள் கவலை.

மன்னிக்கவும், கோரிக்கையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் மியூனிக்கைக் காட்டிப் போருக்குக் கிளம்பவும் வேண்டாம். சேம்பர்லினோடு ஒத்துப்போக முடியாமல் 1938 பிப்ரவரியில் பதவி விலகிய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன், 1956-இல் பிரதமராக இருந்தபோது எகிப்து அதிபர் நாசரை அடுத்த ஹிட்லர் என்று கருதி சூயஸ் கால்வாய்ப் பகுதியில் படை இறக்கி, கையைச் சுட்டுக்கொண்டார். எந்த எதிராளி எதோடு நிறுத்துவான் என்று முன்கூட்டியே அறிவது உங்களுக்கும் கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழக்கப்போகிறவரை உள்ளே கூப்பிடுவதில் என்ன கடினம்? அவர் கத்தலாம், வரைபடத்தைத் தள்ளிவிடலாம், கூட்டம் விடியும்வரை இழுக்கலாம். இழுக்கட்டுமே.

ஆகவே தயவுசெய்து, அடுத்த கூட்டத்துக்கான அழைப்புப் பட்டியல் கையெழுத்துக்கு வரும்போது, பேனாவைத் திறக்கும் முன் ஒருமுறை கேளுங்கள்: "நிலத்துக்காரர் பெயர் இதில் இருக்கிறதா?" இல்லையென்றால் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கூட்டத்தில் நின்று கை தட்டியிருக்கக்கூடிய ஒருவன்