பொன்னாடை வேண்டாம், ஓர் அறையைத் தாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் அறங்காவலர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே, வணக்கம்.

பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறையிலிருந்து நான் ஓய்வு பெற்றதை அறிந்து, ஆடி மாதக் கஞ்சிப் பூசையன்று எனக்குப் பொன்னாடை போர்த்த விரும்புவதாக உங்களுள் சிலர் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அந்த அன்புக்குத் தலை வணங்குகிறேன். ஆயினும், ஏறத்தாழ 30 ஆண்டுகளாக நான் செய்த வேலை இன்னதென்று தெரிந்திருந்தும், அழைப்பிதழில் 'சமூக சேவகி' என்று மட்டும் அச்சிட முடிவு செய்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது, என் பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று தோன்றியது. நான் செய்தது எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வு. அந்தச் சொல் கோயில் அழைப்பிதழில் வரலாகாது என்னும் தயக்கத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தேன்.

1998 டிசம்பரில், தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு டிலாமினி என்ற பெண் டர்பனை அடுத்த குவாமாஷுவில் அடித்துக் கொல்லப்பட்டபோது நான் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். நகரின் நடுவே அவர் பெயரில் இருக்கும் பூங்காவை நாம் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் கடக்கிறோம். 2000-ஆம் ஆண்டில், அரசு மருத்துவ நிலையங்களுக்கு வந்த கருவுற்ற பெண்களிடையே எடுத்த கணக்கின்படி நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நூற்றுக்கு 36 பேருக்குத் தொற்று இருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கொடுக்கும்படி அரசுக்கு அரசியல் சாசன நீதிமன்றம் 2002-இல் ஆணையிட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். உங்களுள் பலரும் அதைக் கண்ணால் கண்டவர்களே.

'மருந்து ஆய்வில் சமூகப்பணிக்காரிக்கு என்னம்மா வேலை?' என்று ஓர் அறங்காவலர் ஒருமுறை என்னைக் கேட்டார். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களிடம் நடந்த 'வாய்ஸ்' ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. அவர்களுள் பெரும்பாலோர் நம் நாட்டவர். தொற்றைத் தடுக்க நாள்தோறும் ஒரு மாத்திரை, அல்லது ஒரு ஜெல். தவறாமல் பயன்படுத்துகிறோம் என்று ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவில் அவர்கள் தெரிவித்திருந்தார்கள். ஆனால் குருதியைச் சோதித்தபோது மருந்து தென்பட்ட மாதிரிகள் நூற்றுக்கு முப்பதைத் தாண்டவில்லை. மருந்தைக் குறை சொல்லவும் வழியில்லை, அந்தப் பெண்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்கவும் நியாயமில்லை. பின்னர் அவர்களோடு நடத்திய நீண்ட உரையாடல்களில், மாத்திரைப் புட்டியைக் கண்டால் துணைவனும் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் 'இவளுக்கு அந்த நோய்' என்று முடிவு கட்டிவிடுவார்களே என்ற அச்சம் வெளிப்பட்டது. எந்தச் சோதனைக்கூடமும் காட்டித் தர முடியாத அந்த அச்சத்தைக் கேட்டு அறிவதுதான், ஐயா, என் வேலை. வினாத்தாளை நீட்டினால் பதில் கிடைக்கும். தேநீர் குடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டு, போகாமல் இன்னும் சற்று நேரம் அடுக்களையில் நின்றால்தான் உண்மை கிடைக்கும் என்று என் மாணவியருக்குச் சொல்லி வந்தேன்.

இனி நம்மைப் பற்றி. 2017-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி இந்நாட்டு இந்திய, ஆசிய வம்சாவளியினருள் தொற்றுடையோர் நூற்றுக்கு 0.8 பேர். 'பார்த்தீர்களா, நம்மவர்களுக்கு வராது' என்பதற்கு இந்த எண்ணையே என்னிடம் எடுத்துக் காட்டியவர்கள் உண்டு. ஆயிரத்தில் எட்டுப் பேர் என்றால், அந்த எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியே இருக்கிறார்கள் என்று பொருள். நான் களப்பணி செய்த ஜூலு கிராமங்களில் ஒரே மருந்தை வாங்கும் பக்கத்து வீட்டுக்காரிகள் சேர்ந்து நடந்து போவதைக் கண்டிருக்கிறேன். நம்மவர் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், வீட்டருகே மருத்துவமனை இருந்தும், தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதற்காக இரண்டு டாக்சி மாறித் தொலைவிலுள்ள கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில் பரிசோதனை மேசை போட அனுமதி கேட்டேன். சர்க்கரை பார்க்கலாம், இரத்த அழுத்தம் பார்க்கலாம், 'அது' மட்டும் வேண்டாம், சன்னிதிக்குத் தீட்டு என்றார்கள். அது மாரியம்மன் சன்னிதி. என் பாட்டி காலத்தில் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள்; நோய் இருப்பதை ஊருக்கு அறிவிப்பதும், படுத்திருப்பவரை ஆத்தாவாகவே எண்ணி மரியாதையோடு பார்த்துக்கொள்வதும் அந்த ஒரு கொத்து இலைக்குள் அடங்கியிருந்தன. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கடல் கடந்து கொண்டுவந்த தெய்வத்தின் முன்னால் நோயைத் தீட்டு என்று சொல்லும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்து ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்தார்கள். அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களுள் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். இதில் ஒளித்து வைக்கப் புட்டி இல்லை. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணைக் கிளினிக் வரை அழைத்துப்போக ஆள் வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது வேலை இழந்தவர்களுள் அப்படிப்பட்ட களப்பணியாளர்கள் ஏராளம்.

ஆகவே பொன்னாடைக்குப் பதிலாக, சமையற்கூடத்தை ஒட்டிய சிறிய அறையை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எனக்குத் தாருங்கள். பின்பக்கமாகவும் வாசல் உள்ள அறையாக இருக்கட்டும். வருபவர் பெயரைக் கோயில் பதிவேட்டில் எழுதக்கூடாது. பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்வார்; தொற்று உறுதியானவரோடு கிளினிக்குக்கு நானே செல்வேன். 12 வயது நிரம்பிய பிள்ளை தன் பரிசோதனைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்பது 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டம்; இது பெற்றோர் சிலருக்குக் கசக்கும் என்பதால், முதல் இரண்டு மாலைகளைப் பெற்றோரோடு பேசுவதற்கென்றே ஒதுக்கலாம். அறிவிப்புப் பலகையில் மட்டும் 'எச்.ஐ.வி. பரிசோதனை' என்று முழுப்பெயரையும் எழுத வேண்டும். 'உடல்நல முகாம்' என்று மூடி எழுதுவதற்கு என்னால் இசைய இயலாது.

கஞ்சிப் பூசைக்கு இரண்டு வாரம் முன்னதாக உங்கள் பதில் கிடைத்தால் செவிலியருக்கு ஏற்பாடு செய்ய எனக்கு அவகாசம் இருக்கும். அறை இல்லை என்று நீங்கள் முடிவு செய்தாலும் பூசைக்கு வருவேன், வழக்கம்போல் கஞ்சி வார்க்கும் வரிசையில் நிற்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சமூகப்பணிப் பேராசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த்