தீயணைப்பு வீரர்களின் மனதையும் யாராவது கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டால் விவசாயிகளுக்கு நிம்மதி. தீயணைப்பு நிலையங்களில் அப்போதுதான் கலக்கம் ஆரம்பிக்கும். புது ஆறு, வெண்ணாறு, கொள்ளிடம் என்று எங்கேயாவது குளிக்கப் போன பிள்ளைகள் இழுப்பில் மாட்டிக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் தீயணைப்பு வீரர். பாதாளக் கரண்டிக்குச் சிக்காவிட்டால் தண்ணீரில் இறங்கித்தான் தேடுவார்கள். கரையில் பெற்றவள் கதறிக்கொண்டு நிற்க, பிள்ளையைத் தூக்கிவந்து அவள் முன் கிடத்த வேண்டியவர்களும் இவர்கள்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைக்க மாட்டார். ராத்திரி எழுந்து எழுந்து எங்கள் மகன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பார். மறுமுறை அழைப்பு வந்தால் வண்டியில் ஏறித்தானே ஆக வேண்டும்?

அவருடைய துறையில் மூத்த வீரர்கள் சிலர் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் வேலை பார்த்தவர்கள். 94 குழந்தைகள் போன நாள். அதே வருடம் டிசம்பரில் நாகப்பட்டினத்தில் சுனாமி. "தூங்குறியான்னு ஒருத்தரும் கேட்டதில்லம்மா" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்.

தூக்கமின்மை, எரிச்சல், குடி என்று ஆரம்பிப்பது, கவனிக்காமல் விட்டால் சிலரை உயிரே வேண்டாம் என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் வாய் திறந்தால் கோழை என்பார்களோ, பதவி உயர்வு போய்விடுமோ என்று பயம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நிலையத்தில் இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

குழந்தை இறந்த சம்பவத்துக்குப் போய்வந்தால், அந்த வண்டியில் போன அத்தனை பேரையும் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் நிலையத்துக்கே வந்து பார்க்க வேண்டும். எல்லோரையும் பார்த்தால் யாருக்கும் கூச்சம் இருக்காது; விரும்பியவர் வரலாம் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி வரட்டும். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது தனியாக விடக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லித் தரட்டும்.

அப்புறம், உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ இப்படிப்பட்ட செய்திகளின் கீழே போடுங்கள். நடுராத்திரியிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு தீயணைப்பு வீரரின் மனைவி,
தஞ்சாவூர் மாவட்டம்.