தோல் கிளினிக்கில் மனதையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், இது தொற்றாது என்று கொட்டை எழுத்தில் போட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சாப்பாடு, கிறீம், வெயில் என்று முடித்துவிட்டீர்கள். இந்த வருத்தம் மனதை என்ன செய்கிறது என்று ஒரு வரியும் இல்லை. பல வருடமாக இதோடு இருக்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

வன்னியில் மனநலம் என்றாலே யுத்தம் என்றாகிவிட்டது. 2009க்குப் பிறகு உளவளத்துணைக்கு வந்தவர்கள் இழப்பைப் பற்றித்தான் கேட்டார்கள், அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வளவில் காலை இழந்தவர், முன் வீட்டில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிற அம்மா என்று இருக்கிற ஊரில் "இந்தச் செதிலால எனக்கு வாழவே பிடிக்கேல்லை" என்று யார் வாய் திறப்பார்கள்? திறந்தாலும் "ஒரு சொறிக்குப் போய் இவ்வளவா" என்பார்கள். ஆகவே நோயாளி தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் சரிவராது. கிளினிக்கில்தான் கேட்க வேண்டும், எல்லோரையும்.

கேட்பது பெரிய வேலையும் இல்லை. கடந்த 2 கிழமையில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்தீர்களா, இரண்டே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வை அளக்கிற 9 கேள்விப் படிவம், அதில் 10 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியர் இருத்திப் பேச வேண்டும். புள்ளியை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது, யாரோடு பேச வேண்டும் என்றுதான் அது காட்டும். தோலுக்கென்றே கார்டிஃபில் உருவாகி 1994இல் வெளிவந்த 10 கேள்விப் படிவம் ஒன்றும் இருக்கிறது, உடுப்பு, வேலை, தாம்பத்தியம் வரைக்கும் கேட்கும், ஆனால் மனச்சோர்வை நேரே பிடிக்காது.

தோலைப் பார்த்தும் மனதைக் கணிக்க முடியாது. முதுகு முழுக்கப் படர்ந்தவர் பகிடி விட்டுக்கொண்டு திரிவார், கல்யாணம் பேசுகிற நேரத்தில் முகத்தில் ஒரு வெண்புள்ளி வந்த பிள்ளை படலைக்கு வெளியே வராது. நாகதோசம், புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வை என்பவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் போய் வந்தவள்தான். "ஆர் செய்த பாவமோ" என்று கூடவே ஒன்று சொல்வார்களே, அதுதான் உள்ளே போய் இருந்துவிடுகிறது.

ஆனால் எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பது முக்கியம். நான் போகிற இடத்தில் ஒரே மேசையில் இரண்டு பேரைப் பார்ப்பார்கள். அங்கே கேட்டால் எல்லோரும் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வோம். வரிசையில் இருக்கும்போதே படிவத்தைக் கையில் தரலாம், வாசிக்க முடியாதவரிடம் தாதி தனியாகக் கேட்கலாம். அந்த 9 கேள்விப் படிவத்தின் கடைசிக் கேள்வி, சாகலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு ஓம் என்றவருக்கு அடுத்த மாதத் திகதியைக் கொப்பியில் எழுதி அனுப்பக்கூடாது, அன்றைக்கே உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் படிவம் மட்டும் அச்சடிப்பதென்றால் தயவுசெய்து வேண்டாம்.

அடுத்த முறை தோல் நோய் பற்றி எழுதும்போது ஒரு உளநல வைத்தியரிடமும் கேட்டு எழுதுங்கள், கட்டுரைக்குக் கீழே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள்.

ஒரு வாசகி,
கிளிநொச்சி